கழகப் பற்றும் சங்கத்தின் பணியும்

விளையாட்டைப் பற்றி எழுந்த நூல்களுள் ஒரு சமுதாயத்தை அளந்து காட்டுவன மிகச் சில. அவற்றுள் தலையாயது, திரினிடாட்டிற் பிறந்த சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் வெளியிட்ட ‘பியோண்ட் எ பவுண்டறி’ என்பதாம். அத்தீவின் துடுப்பாட்டக் கழகங்கள் நிறத்தால் வகுக்கப்பட்டுக் கிடந்தமையை ஆசிரியர் ஒளியாது உரைக்கின்றார். குவீன்ஸ் பார்க் வெள்ளையர்க்கும் செல்வர்க்கும் உரியது. மேப்பிள் மாநிறத்து நடுத்தர வகுப்பினர்க்கு. ஷனன் கறுப்பின ஆசிரியர், எழுதுவினைஞர் முதலியோர்க்கு. ஆட்டத்தை ஆளும் அதிகாரமோ குவீன்ஸ் பார்க்கின் கையில் இருந்தது. தாம் மேப்பிளிற் சேர்ந்தமை தமது அரசியல் வளர்ச்சியைப் பல்லாண்டு பிந்தச் செய்தது என்கின்றார் ஜேம்ஸ். ஆட்டக் கழகத்துக்கு இத்துணை வலியோ என நகைப்பார், நூலைப் படித்தபின் நகையார்.

இவ்வளவுகோலை யாழ்ப்பாணத்துக்குப் பொருத்திப் பார்த்தல் தகும். இங்கு பிரிவு நிறத்தாலன்று, கல்லூரியால். ஆட்டத்தை வளர்த்தவையும் கல்லூரிகளே. மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் பொருதும் ‘வடக்கின் பெருஞ்சமர்’ 1904இல் தொடங்கியது. ஜொனியன்ஸ், சென்றலைற்ஸ் என்னும் கழகப் பெயர்களே அவற்றின் பிறப்பிடத்தைக் கூறும். இப்பற்றைக் குற்றமென்று யாம் கருதவில்லை. போருக்குப் பின் ஆட்டம் மீளத் தழைத்தமைக்கு அதுவும் ஒரு வேர்.

ஆயின், பற்று வேலியாகுமிடத்து என் செய்வது? ஆடுகளமில்லாத தீவகப் பள்ளியொன்றிற் பயின்ற பந்துவீச்சாளன் எவ்வாயிலால் நுழைவான்? பெருங்கல்லூரியின் பழைய மாணவன் அல்லாதவனுக்குப் பந்தைக் கையிற் கொடுப்பவர் யார்? மாவட்டத் துடுப்பாட்டச் சங்கத்தின் பணி ஈண்டே தொடங்குகின்றது. சுற்றுப்போட்டி நடத்துதலும் கிண்ணம் வழங்குதலும் எளிய. தேர்வாளர் தத்தம் கல்லூரிக் கழுத்துப்பட்டியைக் கழற்றிவைத்து அமர்தலே அரிது.

லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாணத்தின் பெயர் பூண்ட அணி 2020, 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் வாகை சூடியது. அவ்வாட்டங்களுள் ஒன்றேனும் யாழ்ப்பாண மண்ணில் நிகழ்ந்ததில்லை. பெயர் நமது, களம் பிறரது. எனினும் மத்திய கல்லூரியிற் பயின்ற விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் அவ்வணியில் இடம்பெற்று, 2023இல் ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்காக ஆடி, 2024இல் ஐ.பி.எல். போட்டியிலும் பந்து வீசினார். இது பெருமைக்குரியதே. ஆனால் அவர் பெயரறியாப் பள்ளியொன்றிற் பயின்றிருப்பின் அவ்வழி திறந்திருக்குமோ என வினவுவார் நம்முட் சிலரே.

2025 செப்டெம்பரில் மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கான பணி தொடக்கி வைக்கப்பட்டது. அங்கே பயிற்சி நேரத்தில் ஒரு பங்கைத் தீவகப் பள்ளிகளுக்கு ஒதுக்குமாறு சங்கம் இப்பொழுதே கேட்டல் வேண்டும். கட்டடம் எழுந்தபின் கேட்பின் அட்டவணையில் இடமிராது.