நிலமும் சுமையும்: அகழ்தல், கொட்டுதல் குறித்த ஒரு திணை நோக்கு

நாட்டுப்புற விளையாட்டுகளை ஆய்வுக்குரிய பனுவல்களாக ஏற்றுக்கொண்ட தமிழாய்வுலகம், கணினி விளையாட்டுகளை அவ்வாறு ஏற்க இன்னும் தயங்குகிறது. நிலம் குறித்த ஒரு கால கட்டத்தின் எண்ணம் அவற்றிலும் பதிவாகிறது என்பதால் இத்தயக்கம் தேவையற்றது. 2022ஆம் ஆண்டு மாஃபி கேம்ஸ் வெளியிட்ட ‘கேப்டன் ஆஃப் இண்டஸ்ட்ரி’ என்னும் தொழிலகக் கட்டுமான விளையாட்டில் அகழ்தலும் கொட்டுதலும் பெறும் இடத்தை இக்கட்டுரை திணைக் கோட்பாட்டின் வழி நோக்குகிறது.

இவ்விளையாட்டில் தோண்டிய மண் மறைந்துவிடுவதில்லை. ஆடுவோர் அகழ்விடத்தைக் குறித்தால் மட்டும் போதாது. கொட்டுமிடத்தையும் குறித்தல் வேண்டும். குறிக்கத் தவறின், மண்ணேற்றிய வண்டிகள் இறக்க இடமின்றி நிற்கும்; சுரங்கமே முடங்கும். சரிவு மிகுந்தால் மண் சரியும். கடலில் கொட்டினால் புதுநிலம் உண்டாகும். பெரும்பாலான விளையாட்டுகள் வளத்தை எடுத்தபின் குழியையோ குவியலையோ காட்டுவதில்லை. அவ்வகையில் இது நேர்மையான படைப்பு எனலாம்.

சுரங்கத் தொழிலில் இம்மண்ணுக்கு ‘ஓவர்பர்டன்’ என்று பெயர். மேலே கிடக்கும் சுமை என்பது அதன் பொருள். தமிழில் ‘மேல்மண்’ என்கிறோம். இரண்டும் ஒரே மண்ணைத்தான் குறிக்கின்றன. ஆயினும் ஆங்கிலச் சொல் நிலக்கரியின் பக்கமும், தமிழ்ச்சொல் உழவரின் பக்கமும் நின்று பேசுகின்றன. நெய்வேலியில் இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தென்பட்ட கரும்பொருளே அவ்வரலாற்றின் தொடக்கம். 1956இல் நிறுவனம் உருவாகி, 1957இல் அகழ்வுப் பணி தொடங்கியது. அங்கு ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு ஐந்து கன மீட்டருக்கும் மேற்பட்ட மண்ணை அகற்ற வேண்டியுள்ளது. வாளிச்சக்கர எந்திரங்கள் வெட்டிய மண், கடத்துப்பட்டை வழியாகச் சென்று மேடாகக் குவிகிறது. நிலக்கரிக்குக் கீழுள்ள ஊற்றுநீரையும் இடைவிடாது இறைத்தாக வேண்டும். நெய்வேலி மண்மேடுகளைக் கண்டவர்க்கு விளையாட்டின் கொட்டுமிடங்கள் புதியன அல்ல.

எனின், விளையாட்டு தவறுமிடம் எது? தொல்காப்பியம் முதல், கரு, உரி என மூன்றைக் கூறி, நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக இணைக்கிறது. விளையாட்டுக்குக் கிடைப்பது கைவிடப்பட்டதொரு தீவு. அதனைக் கைவிட்டவர் யார், ஏன் சென்றனர் என்னும் வினாக்கள் ஆட்டத்தின் போக்கை மாற்றுவதில்லை; அவர்தம் எச்சங்கள் உருக்குதற்குரிய பழைய இரும்பாகவே பயன்படுகின்றன. ஆடுவோர்க்கு முன்னரே அங்கு உழுதாரும் மேய்த்தாரும் இல்லாமையின், அகழ்தலால் இழப்போர் எவருமில்லை. கருப்பொருள் நீங்கிய நிலம் இது. பொழுதோ அகழ்வு எந்திரத்தைத் தீண்டுவதே இல்லை; எம்மாதத்திலும் அது ஒரே சீராகத் தோண்டும்.

இக்குறை விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று. தில்லி லோதி ரோட்டின் சி.ஜி.ஓ. வளாகத்திலுள்ள பர்யாவரண் பவனில், 2014இல் அருகிலுள்ள ஜோர்பாக் கட்டடத்திற்கு மாறும்வரை, மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் இயங்கியது. 2006ஆம் ஆண்டின் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பெருஞ்சுரங்கங்களுக்கான அனுமதிக் கோப்புகள் அங்குதான் வந்தன. அகழும் பரப்பு, மண்மேட்டின் உயரம், சரிவுக்கோணம் ஆகியவை அத்தகைய கோப்புகளில் கணக்கிடப்படுவன. விளையாட்டின் திரையும் ஏறத்தாழ அவற்றையே கேட்கிறது. (அதே சாலையோரத்து லோதி பூங்காவும், அங்கிருந்த கைர்பூர் சிற்றூரை அகற்றி 1936இல் திறக்கப்பட்டதே. உலாவச் செல்வோர்க்குக் கல்லறைகள் தெரிகின்றன; ஊர் தெரிவதில்லை.) கோப்பில் மக்கள்தொகையும் பயிர்வகையும் இடம்பெறுவது உண்மையே. ஆயினும் பட்டியலில் பெயர் இருப்பது கருப்பொருளாக இருப்பது ஆகாது.

2023 ஜூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில், பரவனாற்றின் மாற்றுக் கால்வாய்க்காக, நெற்பயிர் நின்ற வயல்களில் மண்வெட்டு எந்திரங்கள் இறங்கின. நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். இழப்பீடு போதாது என்பது உழவர் வாதம். அறுவடை வரை காத்திருக்கக் கூடாதா என்னும் வினா சென்னை உயர்நீதிமன்றத்தில் எழுந்தது. அவ்வினா நிலத்தைப் பற்றியதன்று, பொழுதைப் பற்றியது. முதற்பொருளின் மறுபாதியான அதனைக் குறிப்பதற்கு விளையாட்டின் அகழ்வுத் திட்டத்தில் கட்டம் ஒன்றும் இல்லை.