டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றத்துக்கு ஒருமுறை வந்து பாருங்கள்!

தொழில்சார் கூட்டம் என்றாலே பெயர் அட்டையை நீட்டி, கைகுலுக்கி, சாப்பிட்டுவிட்டுக் கலைவதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். கெடாவின் அலோர் ஸ்டாரில் நான் போய்வரும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றம் அந்த ரகமே இல்லை. மனம் நிறைந்து சொல்கிறேன்: இவ்வளவு பயன் தரும் ஒரு மாலைப்பொழுதை நான் வேறெங்கும் கண்டதில்லை!

1924-இல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனா நகர ஒய்.எம்.சி.ஏ.வில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய மேடைப்பேச்சுப் பயிற்சி இயக்கம் இது. நூறாண்டு கடந்தும் தழைத்திருக்கக் காரணம், வந்தவருக்கெல்லாம் வேலை கொடுக்கும் அதன் ஏற்பாடுதான். ஒருவர் நிகழ்ச்சியை நடத்துவார். ஒருவர் நேரம் பார்ப்பார். பேச்சில் ‘ஆ’, ‘ம்’ என்று இழுப்பதை எண்ணவே ஒருவர் இருப்பார். பேச்சைத் தயாரித்து வந்தவருக்குப் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நிமிடம். ஐந்தில் பச்சை விளக்கு, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. மேலாளருக்கும் நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கும் அதே விளக்குதான்!

அந்த ஏழு நிமிடத்தில் எவ்வளவு தெரிந்துகொள்கிறோம்! மூடா அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகப் பெடு நீர்த்தேக்கத்துக்கு வந்து, அங்கிருந்து நம் வயல்களுக்குப் பாய்ந்து, ஆண்டுக்கு இருபோகம் விளைய வைக்கும் கதையை ஒரு பொறியியலாளர் சொல்லக் கேட்டு அசந்துபோனேன். தாதியர், ஆசிரியர், காப்புறுதி முகவர் என்று ஒவ்வொருவரும் தம் தொழிலின் உள்விவரத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், மதிப்பீடு! பேசி முடித்தவருக்கு அன்றே, அதே அறையில், எது நன்றாக இருந்தது, எதைத் திருத்த வேண்டும் என்று ஒருவர் இரண்டு மூன்று நிமிடத்தில் சொல்லிவிடுகிறார். அலுவலகத்தில் இப்படி அக்கறையோடு முகத்துக்கு நேரே சொல்ல யார் இருக்கிறார்கள்? ஒருவர் வளர்வதைக் கூடவே இருந்து பார்ப்பதால் பிறக்கும் நட்பு, அட்டை மாற்றிக்கொள்வதில் பிறக்காது. பிறகு ஒரு வேலைக்கு ஆள் தேவைப்பட்டால், அவர் பெயரை நம்பிச் சொல்ல முடிகிறது.

நம் கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். கோலாலம்பூரில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் கருத்தரங்கு நமக்கு வேலைநாளில் விழும். போக மட்டுமே நானூறு கிலோமீட்டருக்கு மேல். சொந்த ஊரில், வேலை முடிந்த கையோடு போய் உட்காரக்கூடிய மன்றத்தின் அருமை இங்கிருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

தோட்டப்புறத்தில் வளர்ந்த நம் பிள்ளைகள் பலர் வேலையில் கெட்டிக்காரர்கள். நேர்முகத் தேர்வில் வாய் திறக்கத் தயங்கியே பதவி உயர்வை இழக்கிறார்கள். அவர்களுக்கு இதைவிடச் சிறந்த பயிற்சிக்களம் எனக்குத் தெரியவில்லை. உடனடித் தலைப்பு கொடுத்து ஓரிரு நிமிடம் பேச வைக்கும் அங்கம் ஒன்றே போதும், கூச்சம் ஓடிப்போகும்!

உறுப்பினராகச் சேராமலே விருந்தினராக வந்து பார்க்கலாம். இடைநிலைக் கல்வி முடித்து வேலைக்குப் போகும் தம்பி தங்கைகள் வீட்டில் இருந்தால், அவர்களையும் அழைத்து வாருங்கள்.