எந்த விசை? எந்த வேகம்?

ஒரு வண்டியை 500 நியூட்டன் விசை இழுக்கிறது, வேகம் விநாடிக்கு 20 மீட்டர், திறன் யாது? இதைப் போன்ற கணக்கை நீங்களும் பள்ளியில் போட்டிருப்பீர்கள். பெருக்கினால் 10,000 வாட். மதிப்பெண் கிடைத்துவிடும். திறன் = விசை × வேகம் என்னும் வாய்பாடு சரியானதே. எந்த விசை, எந்த வேகம் என்று மாணவரை யோசிக்க விடாத கணக்கு என்பதுதான் நம் குறை.

செஞ்சி வட்டாரத்துப் பனமலைக்குப் போவோம். ஏரியை ஒட்டிய குன்றின் மேல் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில் இருக்கிறது. 50 கிலோகிராம் நிறையுள்ள மாணவர் ஒருவர் விநாடிக்கு ஒரு படி வீதம் ஏறுகிறார். படியின் உயரம் 15 செ.மீ., அகலம் 30 செ.மீ. என்று கொள்வோம். அவர் எடை 490 நியூட்டன். சரிவின் வழியே அவர் வேகம் விநாடிக்குச் சுமார் 0.33 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 160 வாட்டுக்கு மேல் வரும். இது தவறு! எடை செங்குத்தாகக் கீழ்நோக்கி இருக்கிறது. ஆகவே செங்குத்து வேகமான 0.15 மீட்டரைத்தான் எடுக்க வேண்டும். விடை 73.5 வாட்.

அடுத்து, மின் மோட்டார்கள் பரவுமுன் நம் கிணறுகளில் ஓடிய கவலை. சாலில் 120 லிட்டர் தண்ணீர். எடை ஏறத்தாழ 1,200 நியூட்டன். மாடுகள் விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் சரிவில் இறங்குகின்றன. சால் சீரான வேகத்தில் ஏறுவதால் அதன்மேல் தொகுபயன் விசை சுழி. அப்படியானால் திறனும் சுழியா? பல மாணவர்கள் தடுமாறும் இடம் இது. வடத்தின் இழுவிசையைத்தான் பெருக்க வேண்டும்: 600 வாட்.

ஆனால் வயலுக்கு அவ்வளவு கிடைப்பதில்லை. 10 மீட்டர் ஆழக் கிணற்றில் சால் மேலே வர 20 விநாடி; கொட்டி, மாடுகள் பின்னேறி, சால் மீண்டும் நிரம்ப மேலும் 40 விநாடி என்று கொள்வோம். சராசரித் திறன் 200 வாட்தான். கணத்திறனுக்கும் சராசரித் திறனுக்கும் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. கவலை ஓட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நாம் மின்தூக்கிக் கணக்கைக் கொடுக்கிறோம்!

ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்று மட்டும் எல்லா நூல்களும் தவறாமல் அச்சிடுகின்றன. அந்த எண் எங்கிருந்து வந்தது? 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் வாட், செக்கு மாடு போல வட்டமாகச் சுற்றும் ஆலைக் குதிரையைக் கணக்கிட்டார். ஆரம் 12 அடி, மணிக்கு 144 சுற்று, இழுவிசை 180 பவுண்டு. நிமிடத்துக்குச் சுமார் 181 அடி வேகம். பெருக்கி, முழுமையாக்கி 33,000 அடி-பவுண்டு என்றார். அதுவே நம் 746 வாட். விசை × வேகம் பிறந்த கதையே இதில் இருக்கிறது. பயிற்சிக் கணக்குகளில் பாதியைக் குறைத்தாவது இதற்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கலாம்.