டியூரரின் ஓவியமும் அறுத்தெடுத்த எழுத்தும்

ஆல்பிரெக்ட் டியூரரின் 'நான்கு அப்போஸ்தலர்கள்' என்றாலே யோவானின் சிவப்பு அங்கி, இத்தாலியப் பாதிப்பு என்றுதான் பேச்சு. எனக்கென்னவோ விஷயமே கீழே இருக்கும் எழுத்துலதான் இருக்கு. (நால்வரில் மாற்கு அப்போஸ்தலரே இல்லை, அது வேற கதை.)

நியூரம்பெர்க் 1525இல் லூத்தரின் சீர்திருத்தத்தை ஏற்றது. மறு வருடமே டியூரர் இந்த இரண்டு பலகைகளையும் நகர மன்றத்துக்குக் கொடுக்கிறார். அடியில் லூத்தரின் ஜெர்மன் பைபிள் வசனங்கள்: கள்ளத் தீர்க்கதரிசிகளிடம் ஜாக்கிரதை என்று ஆட்சியாளர்களுக்கே எச்சரிக்கை. மேலே பாருங்க, ரோம் தன் முதல் போப்பாகக் கொண்டாடும் பேதுரு, கையில் திறவுகோலோடு யோவானுக்குப் பின்னால் நின்று, அவர் விரித்த புத்தகத்தைக் குனிந்து பார்க்கிறார்.

1627இல் பவேரியாவின் கத்தோலிக்க ஆட்சியாளர் மாக்சிமிலியன் படத்தைக் கேட்டு வாங்கினார். எழுத்தை மட்டும் அறுத்து நியூரம்பெர்க்குக்கே திருப்பி அனுப்பிட்டார். அது மறுபடி படத்தோடு சேர்ந்தது 1922இல். எழுத்தின் வீரியம் மாக்சிமிலியனுக்குப் புரிந்திருக்கு. ஆனா பேதுரு நிற்கிற இடத்தை எந்த ரம்பத்தால் அறுப்பார்?