இரும்புக் கதவும் எதிரொலியும்

கொல்கத்தாவின் சால்ட் லேக் ஓரத்தில் கேஷ்டோப்பூர் வாய்க்கால் ஓடுகிறது. அக்கரையில் விமான நிலையத்துக்குப் போகும் சாலையை ஊரே விஐபி ரோடு என்கிறது. வங்கக் கவிஞரின் நினைவாக அதற்கு வைத்த பெயர் காஜி நஸ்ருல் இஸ்லாம் சரணி. சாலைக்கு வைத்த பெயரை மறந்தவர்கள் அவர் பாட்டை மறக்கவில்லை என்பதை 2023 நவம்பரில் கண்டேன். ‘பிப்பா’ படத்துக்காக நஸ்ருலின் ‘காரார் ஓய் லௌஹோ கபாட்’ பாட்டுக்கு ஏ.ஆர். ரகுமான் புது மெட்டுப் போட்டிருந்தார். டீக்கடையிலும் மீன் சந்தையிலும் அதே பேச்சு, அதே கோபம். நான் தமிழன் என்பதால் என்னிடம் வந்து நியாயம் கேட்டவர்களும் உண்டு.

தமிழ்க் காதுக்கு அந்தக் கோபம் சட்டென்று பிடிபடாது. பாரதி பாட்டுக்கு இதுதான் மெட்டு என்று நாம் பிடிவாதம் பிடிப்பதில்லை. ‘ஏழாவது மனிதன்’ படத்துக்காக எல். வைத்தியநாதன் போட்ட மெட்டுகளைக் கொண்டாடினோம். 2000இல் வந்த ‘பாரதி’யில் இளையராஜா போட்டவற்றையும் கொண்டாடினோம். வங்கத்தில் கதை வேறு. ரவீந்திரரும் நஸ்ருலும் தம் பாட்டுகள் பலவற்றை மெட்டோடு சேர்த்தே விட்டுச் சென்றார்கள். அங்கே மெட்டைக் கழற்றினால் தோலும் கூடவே வரும்.

அதற்காகத் ‘தொடாதே’ என்று சொல்வது திறனாய்வு ஆகாது. தாகூர் நிறுவிய விஸ்வபாரதியின் இசை வாரியம் பாடகர் தேபப்ரத பிஸ்வாஸின் பதிவுகள் சிலவற்றை ஏற்க மறுத்தது. மனம் நொந்த அவர் ரவீந்திர சங்கீதம் பதிவு செய்வதையே நிறுத்திவிட்டார். இன்று இந்த ஊர் தேடிக் கேட்பது அவர் குரலைத்தான். நஸ்ருலே துருக்கியின் ‘உஸ்குதார்’ மெட்டை எடுத்து வங்கப் பாட்டாக்கியவர். ஆகவே ரகுமான் தொட்டாரா இல்லையா என்பது கேள்வி இல்லை. எதை எடுத்தார், எதை விட்டுவைத்தார் என்பதுதான் கேள்வி.

இதை அளக்க நான் ஜமைக்காவுக்குப் போகிறேன். அங்கே 1960களின் கடைசியில் பிறந்தது ‘டப்’. அதன் பெரிய கைகாரர் கிங் டப்பி, வானொலிப் பெட்டியும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்த்தவர். பதிவான ஒரு பாட்டை எடுத்து, குரலை இறக்கி, கிட்டாரை இறக்கி, பேஸையும் டிரம்ஸையும் மட்டும் நடக்கவிடுவார். நடுவில் குரலின் ஒரு துண்டு எதிரொலியில் வந்து மறையும். இதன் தொடக்கமாகச் சொல்லப்படும் சம்பவம் எனக்கு முக்கியம். பாரகன்ஸ் குழுவின் ‘ஆன் தி பீச்’ பாட்டின் இசைத்தட்டு ஒன்று தவறுதலாகக் குரல் இல்லாமல் வெட்டப்பட்டது. அதை ஆட்டக்களத்தில் போட்டபோது கூட்டம் தானே வரிகளைப் பாடி நிரப்பியது. டப் என்னும் கலை முழுக்க இந்த நம்பிக்கையில் நிற்கிறது: நான் எடுத்ததைக் கேட்பவரின் நினைவு திருப்பிக் கொடுக்கும்.

மேற்கத்திய ராக் பாட்டுகளை இந்த வழிக்குக் கொண்டுவந்தவர்களில் நியூயார்க்கின் ஈஸி ஸ்டார் ஆல் ஸ்டார்ஸ் குறிப்பிடத்தக்கவர்கள். பிங்க் ஃப்ளாய்டின் 1973ஆம் ஆண்டு ஆல்பம் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ முழுவதையும் 2003இல் ‘டப் சைட் ஆஃப் தி மூன்’ என்று மறுபடி வாசித்தார்கள். கறாராகச் சொன்னால் இது டப் ஆகாது. பழைய நாடாவை வெட்டாமல் புதிதாகப் பதிவு செய்தது. ஆனால் டப்பின் அறம் இதில் இருக்கிறது. ‘மணி’ பாட்டின் கல்லாப்பெட்டிச் சத்தத்தை எடுத்துவிட்டு வேறு ஓசையை வைத்தார்கள். அதன் ஏழு எண்ணிக்கையைத் தொடவில்லை. நாலு எண்ணிக்கையில் புரளும் ரெகேயை மிஸ்ரத்தில் நடக்கவைப்பது லேசான காரியமில்லை. அந்த ஏழில்தான் பாட்டின் நொண்டலும் பேராசையும் இருக்கின்றன என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2009இல் பீட்டில்ஸின் ‘சார்ஜண்ட் பெப்பர்’ ஆல்பத்தில் அதே குழு அந்த உயரத்தைத் தொடவில்லை என்பது என் கணிப்பு. மூலத்தின் அழகு வாத்தியச் சேர்க்கையிலேயே இருந்தது. அதை எடுத்ததும் மிச்சம் குறைந்துபோனது. ரெகே தாளத்தை மேலே பூசினால் போதும் என்று நினைக்கும் எண்ணற்ற ரீமிக்ஸ்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இப்போது நஸ்ருலுக்கு வருவோம். 1921 டிசம்பரில் விடுதலைப் போராட்டத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் சிறையில் இருந்தபோது அவர் மனைவி பசந்தி தேவியின் வேண்டுகோளுக்காக எழுதப்பட்ட பாட்டு அது. அதைத் தாங்கிய ‘பாங்கார் கான்’ நூலை 1924இல் ஆங்கிலேய அரசு தடை செய்தது. 1949இல் கிரீன் சக்ரவர்த்தி பாடிய இசைத்தட்டு வந்தது. 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது சுதந்திர வங்க வானொலியில் அது முழங்கியது. சிறையின் இரும்புக் கதவை உடைக்கச் சொல்லும் பாட்டு. அதன் அணிவகுப்பு நடையில் ஒவ்வோர் அடியும் கதவில் விழும் உதை. அந்த நடையை எடுத்துவிட்டால் வார்த்தைகள் உதையைப் பற்றிச் சொல்லும், உதைக்காது.

ரகுமான் எடுத்தது அந்த நடையைத்தான். அவருடைய மெட்டு நாட்டுப்புறச் சாயலில் இளகி ஓடுகிறது. வாத்தியங்களும் குழுக்குரல்களும் நேர்த்தியாகவே இருக்கின்றன. வேறொரு பாட்டுக்கு அமைந்திருந்தால் நானே விரும்பிக் கேட்டிருப்பேன். வரிகள் அப்படியே இருக்கின்றன என்பது அவர் பக்கத்து வாதம். ஆனால் டப் செய்வதற்கு இது நேர் எதிர்: சொல்லை வைத்துக்கொண்டு முதுகெலும்பை உருவுவது.

நஸ்ருலின் குடும்பத்திடம் முறையாக உரிமை வாங்கியதாகத் தயாரிப்பாளர்கள் சொன்னார்கள். மனம் புண்பட்டவர்களிடம் மன்னிப்பும் கேட்டார்கள். பாடலுக்குத்தான் அனுமதி, மெட்டை மாற்ற இல்லை என்றது குடும்பம். அந்த வழக்கில் எனக்கு அக்கறை குறைவு. பத்திரம் சரியாக இருந்திருந்தாலும் பாட்டு தவறியதுதான்.

ரெகேயிலேயே போட்டிருந்தால்? முதல் அடியை வெறுமையாக விட்டு மூன்றாவதில் டிரம் விழும் வழக்கமான நடை இந்தப் பாட்டைக் கொன்றிருக்கும். ஆனால் ரெகேக்குள்ளேயே ‘ஸ்டெப்பர்ஸ்’ என்றொரு நடை உண்டு. நாலு அடியிலும் பெரிய டிரம் இறங்கும். அது இந்தப் பாட்டைச் சுமந்திருக்கும்.

‘பிப்பா’ 1971 போரின் கதை. அந்த ஆண்டு, பாதிகூடக் கட்டி முடியாத இந்தச் சால்ட் லேக்கில்தான் எல்லை தாண்டி வந்த அகதிகளின் முகாம் இருந்தது. சாக்கடைக்காக இறக்கி வைத்திருந்த சிமெண்ட் குழாய்களுக்குள் குடும்பங்கள் வாழ்ந்தன. அந்த ஆண்டு சிறுவனாக வந்த என் அண்டைவீட்டுக்காரருக்கு ரகுமானின் பதிவைப் போட்டுக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். கேட்கும்போதே அவர் விரல்கள் மேசையில் பழைய நடையைத் தட்டிக்கொண்டிருந்தன. ஜமைக்காக் கூட்டம் பாடி நிரப்பிய இடம் அதுதான். இங்கே அவர் பாட்டோடு சேர்ந்து நிரப்பவில்லை, பாட்டை எதிர்த்துத் தட்டினார்.

நஸ்ருல் 1976இல் காலமானார். இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை 2036 முடிவோடு தீர்கிறது. அதன்பின் யாரையும் கேட்காமல் இந்தப் பாட்டை யாரும் எடுக்கலாம். எடுக்கப்போகும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிரீன் சக்ரவர்த்தியின் பதிவிலிருந்து தொடங்குங்கள். வாத்தியங்களை எடுங்கள், குரலைக்கூட எடுங்கள். அந்த நடையை மட்டும் விட்டுவையுங்கள்.