முறுக்கா, நாடாவா? பழைய இழைப்புளியை ரசிப்பது எப்படி

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் என் வீட்டு வராந்தாக் கதவைத் திறந்து வைத்துவிடுவேன். ஒரு பட்டறை மேசை, சாணைக்கல், நாலைந்து பழைய இழைப்புளிகள், ஒரு பிளாஸ்க் காபி. யார் வேண்டுமானாலும் வரலாம், தொட்டுப் பார்க்கலாம், இழைக்கலாம். ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சென்ற மாதம் வரை தவறாமல் வந்தது எதிர்வீட்டுப் பூனை ஒன்றுதான். சீவல் குவியலில் சுகமாகத் தூங்கிவிட்டுப் போகும்.

மனிதர்கள் அறவே வரவில்லை என்று சொல்ல முடியாது. ஒருவர் வந்தார், "பேப்பர் வெயிட்டா சார்?" என்றார். இன்னொருவர், இதன் தலையில் ஒரு பல்பைப் பொருத்தினால் இந்திராநகர் காபிக் கடைகளில் நல்ல விலைக்குப் போகும் என்று யோசனை சொன்னார். மூன்றாமவர் வாசல்படியோடு நின்றுவிட்டார். "இதெல்லாம் வேலை தெரிஞ்சவங்களுக்கு சார். எனக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியாது." முதல் இருவரை மன்னித்துவிட்டேன். என் எரிச்சல் எல்லாம் இந்த மூன்றாமவர் மேல்தான். பாடத் தெரிந்தவன் மட்டுமா கச்சேரிக்குப் போகிறான்? அடுப்பே பற்றவைக்கத் தெரியாதவர் ரசத்தில் மிளகு போதாது என்று சொல்வதில்லையா? அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அடிப்படையை வேகமாக முடித்துவிடுவோம். இழைப்பு, உளி இரண்டும் சேர்ந்து இழைப்புளி. ஓர் உடம்பு, அதன் அடியில் ஒரு வாய், வாய்க்குள் சாய்ந்து நிற்கும் தகடு. தள்ளினால் மரத்தின் மேல்தோல் சீவி வரும். ரோமானியர்களிடமே இது இருந்தது. பாம்பேயில் எரிமலைச் சாம்பலுக்கு அடியிலிருந்து எடுத்திருக்கிறார்கள். ஜப்பான்காரர் தள்ளமாட்டார், தன் பக்கம் இழுப்பார். நம் ஆசாரிகளுடைய பழைய இழைப்புளிக்குக் கட்டை உடம்பு. தகட்டை ஓர் ஆப்பு இறுக்கிப் பிடித்திருக்கும். வார்ப்பிரும்பு உடம்பும் திருகிச் சரிசெய்யும் வசதியும் அமெரிக்காவில் பரவியவை. லியனார்டு பெய்லி என்பவரின் காப்புரிமைகளை ஸ்டான்லி கம்பெனி 1869-இல் வாங்கியது. இன்று பழைய இரும்புக் கடையில் உங்கள் கைக்கு அகப்படுவது பெரும்பாலும் அந்த அமைப்பு, அல்லது அதைப் பார்த்துச் செய்தது: இங்கிலாந்தின் ரெக்கார்டு, நம் ஊர் அனந்த். நம்பர்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஐந்தாம் நம்பர் 14 அங்குலம், பருமட்டாகச் சீவ. ஏழாம் நம்பர் 22 அங்குலம், நேராக்க. நாலாம் நம்பர் 9 அங்குலம், கடைசியில் வழவழப்பாக்க. அடிப்படை முடிந்தது.

எங்கே கிடைக்கும்? சிவாஜிநகரின் குஜிரி என்னும் பழைய சாமான் கடைகளில், சிக்பேட்டைப் பக்கம் ஞாயிறு சந்தையில். கடைக்காரரிடம் இழைப்புளி என்று கேளுங்கள், புரியாவிட்டால் ரந்தா என்று கேளுங்கள். துருவைப் பார்த்து மிரள வேண்டாம். மண்பானை வாங்குகிறமாதிரி விரலால் சுண்டிப் பாருங்கள். தகட்டைக் கழற்றிவிட்டு வெறும் உடம்பைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். சத்தம் செத்துப்போயிருந்தால் வார்ப்பில் எங்கோ விரிசல். வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் நசுங்காது, உடைந்துவிடும். என் முதல் ஐந்தாம் நம்பர் எங்கள் வீட்டு மொசைக் தரையில் விழுந்து இரண்டானது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

புதுப்பிப்பதும் பெரிய வித்தை கிடையாது. இறுகிய திருகுகளுக்கு ஓர் இரவு மண்ணெண்ணெய்க் குளியல். துருவுக்குப் புளி. இழைப்புளியில் புளி இல்லை என்று இலக்கணம் சொல்லும், என் வாளியில் இருக்கிறது. குத்துவிளக்கைப் பளிச்சென்று ஆக்கும் அதே புளிக்கரைசல்தான். அதிலுள்ள அமிலம் துருவைத் தளர்த்திவிடும். ஆனால் ஊறப்போட்டு மறந்துவிட்டால் நல்ல இரும்பையும் தின்னும். எடுத்த உடனே கழுவி, துடைத்து, வெயிலில் காயவைத்து, தையல் மிஷின் எண்ணெய் தடவ வேண்டும். அசந்தால் அரைமணியில் மறுபடி சிவந்துவிடும். கனமான கண்ணாடித் துண்டின் மேல் எமரி பேப்பர் ஒட்டி அடியை மட்டப்படுத்துங்கள். தகட்டைத் தீட்டுங்கள். கைப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய்.

இங்கே ஒரு விஷயம். சிவப்புத் துருவைப் போக்குங்கள். அதற்குக் கீழே கருத்து, வழுவழுவென்று படிந்திருக்கும் நிறத்தைத் தொடாதீர்கள். பல வருஷக் கை பட்ட எண்ணெயும் காலமும் சேர்ந்த நிறம் அது. இப்போது ஒரு மோகம் வந்திருக்கிறது. பழைய இழைப்புளியை முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போட்டு, உள்ளே பளிச்சென்று பெயின்ட் அடித்து, சோக இசையுடன் வீடியோ எடுக்கிறார்கள். நாற்பது நிமிஷம் ஓடும். கடைசி ஐந்து விநாடியில் ஒரு பைன் கட்டையில் ஒரு தள்ளு. அத்தோடு சரி. கல்யாணத்தன்று பெண்ணுக்கு அலங்காரம் செய்துவிட்டு, அவள் பேசுவாளா என்றே கேட்காத மாதிரி.

இன்னொரு கூட்டம் உண்டு. உடம்பில் வார்த்திருக்கும் காப்புரிமைத் தேதிகளைப் படித்து, இது 1910-க்குப் பிறகு வந்தது, இது யுத்தகாலத்தது, பித்தளைத் தட்டுப்பாட்டால் திருகுமரையை ரப்பரில் போட்டிருக்கிறான் என்று வகை பிரிப்பவர்கள். தகவல் சரிதான். நானும் ஆர்வத்தோடு படிப்பேன். ஆனால் அவர்கள் வீட்டில் ஒரு சீவல்கூடத் தரையில் கிடக்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் எழுத வந்ததே இதற்குத்தான்.

இழைப்புளியிலிருந்து வெளியே வருவதைப் பாருங்கள். எல்லோரும் ரசிப்பது சுருளைத்தான். விளம்பரப் படமானாலும் காபிக் கடைச் சுவரானாலும் இழைப்புளி என்றால் பக்கத்தில் அழகாகச் சுருண்ட ஒரு சீவல் கிடக்கும். நானும் பல வருஷம் சுருளில் மயங்கிக் கிடந்தவன். ஒருநாள், எங்கள் பகுதியின் பழைய பங்களா ஒன்றில் ஜன்னல் வேலைக்கு வந்திருந்த வயதான ஆசாரி வராந்தாவில் எட்டிப் பார்த்தார். நான் பெருமையாக ஒரு நீளச் சுருளை எடுத்துக் காட்டினேன்.

"முறுக்கு சுத்தறீங்களா சார்?" என்றார்.

அவரே உள்ளே வந்தார். தகட்டைக் கழற்றினார். தகட்டின் மேல் இன்னொரு தகடு திருகியிருக்கும். மேல்தகடு என்று வைத்துக்கொள்வோம். அதைத் தளர்த்தி, விளிம்பை நோக்கி நகர்த்தி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, மறுபடி இறுக்கினார். மூலையில் கிடந்த ஒரு வேங்கைத் துண்டை எடுத்து, நான் எப்போதும் பயப்படும் எதிர்நார்ப் பக்கமாகவே தள்ளினார். சீவல் சுருளவில்லை. வாயிலிருந்து நேராக, நாடா மாதிரி எழுந்து வந்து அவர் மணிக்கட்டின் மேல் சரிந்தது. மரத்தில் ஒரு செதில்கூடப் பிய்ந்திருக்கவில்லை. "இது ரிப்பன் பக்கோடா" என்று சொல்லிவிட்டு அவர் ஜன்னலுக்குத் திரும்பிவிட்டார்.

முறுக்கு வேறு, நாடா வேறு. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும்.

காரணம் இதுதான். தகடு மரத்துக்குள் நுழையும்போது வெட்ட மட்டும் செய்வதில்லை, நெம்பவும் செய்கிறது. விறகு பிளக்கிற கோடரி மாதிரி, விளிம்புக்கு முன்னாலேயே நார் பிளந்துகொண்டு ஓடும். நார் மேல்நோக்கி ஏறுகிற இடத்தில் அது உங்களுக்குச் சாதகம். கீழ்நோக்கி இறங்குகிற இடத்தில் பிளவும் கீழே இறங்கி, மரத்தில் குழி பறித்துவிடும். தேக்கு பெரும்பாலும் சாது. வேங்கையில் நார் ஒரு பட்டையில் இந்தப் பக்கமும் அடுத்த பட்டையில் அந்தப் பக்கமும் ஓடும், எந்தத் திசையில் தள்ளினாலும் பாதி எதிர்நார்தான். மேல்தகடு விளிம்புக்கு வெகு அருகில் இருந்தால், எழும்பும் சீவலை உடனே முட்டி முன்பக்கமாக மடக்குகிறது. நெம்ப இடமில்லாமல் போகிறது, பிளவு ஓட முடியாமல் அங்கேயே நிற்கிறது. வளைய வந்த சீவல் முறிந்து நிமிர்கிறது. நாடா என்பது அந்த நிமிர்ந்த சீவல்தான். சுருள் வந்தால், மேல்தகடு தள்ளி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது என்று அர்த்தம்.

எவ்வளவு அருகில்? வழவழப்பாக்கும் நாலாம் நம்பரில் 0.1-லிருந்து 0.2 மில்லிமீட்டர். அதாவது ஒரு தலைமுடி, மிஞ்சினால் இரண்டு. பருமட்டாகச் சீவும் ஐந்தாம் நம்பருக்கு ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் விடலாம். மேல்தகடு தகட்டோடு வெளிச்சம் புகாமல் பொருந்தி உட்கார வேண்டும். இல்லாவிட்டால் பல்லிடுக்கில் கீரை மாதிரி சீவல் மாட்டிக்கொள்ளும். பழைய இழைப்புளியைப் புதுப்பிக்கிறேன் என்பவர்கள் அடியை மூன்று நாள் தேய்ப்பார்கள், இந்தப் பொருத்தத்துக்கு மூன்று நிமிஷம் கொடுக்கமாட்டார்கள்.

இதில் வயிற்றெரிச்சலான கதை ஒன்று. இரட்டைத் தகடு 18-ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. 1767-இல் பிலடெல்பியாவில் ஒருவர் விளம்பரமே கொடுத்திருக்கிறார். பீட்டர் நிக்கல்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1812-இல் வந்த தன் கைத்தொழில் நூலில், மேல்தகட்டை எவ்வளவு நெருக்கமாக வைப்பது என்று எழுதிவிட்டார். பிறகு வந்த பொழுதுபோக்குத் தச்சுப் பத்திரிகைகள் அதை மறந்தன. தகடு தடியாக இருந்தால் போதும், வாயைச் சுருக்கினால் போதும், சாய்வை நிமிர்த்தினால் போதும் என்று ஆளாளுக்கு அருள்வாக்கு. ஜப்பானில் யமகதா பல்கலைக்கழகத்தின் கவாய், கட்டோ என்ற இரு பேராசிரியர்கள், மேல்தகடு சீவலை என்ன செய்கிறது என்பதை மிக அருகிலிருந்து படம் பிடித்திருந்தார்கள். அந்தப் படம் 2012 வாக்கில் உலகம் முழுக்கப் பரவிய பிறகுதான் அருள்வாக்குக்காரர்கள் வாயை மூடினார்கள். இழைப்புளியின் வாயைத் திறந்தார்கள் என்றும் சொல்லலாம்; மேல்தகடு நெருங்கினால் வாய் சற்று அகலமாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். இரண்டு நூற்றாண்டு வட்டமடித்து அவர்கள் வந்து சேர்ந்த இடத்தில், எங்கள் ஆசாரி ரிப்பன் பக்கோடா போட்டுக்கொண்டிருந்தார்.

மெல்லிய சீவலே மேலானது என்று ஒரு கட்சியும் உண்டு. ஜப்பானில் அதற்கென்றே போட்டி நடக்கிறது, மைக்ரான் கணக்கில் அளக்கிறார்கள். பார்க்கப் பரவசம்தான். ஆனால் அது சாதுவான, நேர்நார் மரத்தில் நடப்பது. விளிம்பின் கூர்மைக்கு அத்தாட்சி, அவ்வளவே. முரட்டு வேங்கையில் எதிர்நாரில் பிய்யாமல் எடுத்த ஒரு நாடா அதைவிட எனக்கு உசத்தி. சண்டைக்கு வருபவர்கள் வராந்தாவுக்கு வரலாம்.

அப்படியானால் ரசிப்பது எப்படி? கண்ணை மூடிக்கொள்ளுங்கள். முதலில் சத்தம். நன்றாக அமைந்த இழைப்புளி பட்டுப்புடவை மடிப்பு கலைகிறமாதிரி 'உஸ்'ஸென்று ஒரே ஸ்ருதியில் போகும். நடுவில் 'டக் டக்'கென்று கேட்டால் எங்கோ பிய்கிறது. பிறகு கை. உப்புத்தாள் போட்ட மரம் மிருதுவாக இருக்கும், ஆனால் தூசியில் மங்கியிருக்கும். இழைத்த மரத்தில் ரேகைகள் தண்ணீருக்கடியில் கூழாங்கல் மாதிரி தெளிந்து தெரியும். கடைசியில்தான் சீவல்.

எங்கள் பக்கம் பழைய பங்களாக்கள் இன்னும் சில மிச்சமிருக்கின்றன. ஜன்னல்களுக்கு மேல் மங்கி டாப் என்று சொல்லும் கூரான மரமுகப்பு வைத்தவை. இடிக்கும்போது தேக்குக் கதவுகளும் மேசைகளும் பழைய மரக்கடைக்குப் போய்விடும். அங்கே போனால் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். இழுப்பறையைக் கழற்றி அடிப்பலகையில் உள்ளங்கையை வைத்துக் குறுக்காகத் தடவுங்கள். மெல்லிய அலை அலையாகக் கையில் ஏறி இறங்கும். பருமட்டாகச் சீவியவர், யாரும் பார்க்கப்போவதில்லை என்று அப்படியே விட்ட தடம். ஒவ்வொரு அலையும் ஒரு தள்ளு. முன்பக்கம் முதலாளிக்கு, பின்பக்கம் அவருக்கு. மெஷினில் செய்த பலகையில் இந்த அலையைத் தேடி ஏமாந்துபோக வேண்டாம்.

இதுவரை படித்தவரிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பாலிஷ்காரர்களைத் திட்டினேன் இல்லையா, என் முதல் நாலாம் நம்பரை நானும் அப்படித்தான் செய்தேன். கருத்த நிறம் மொத்தத்தையும் தேய்த்து எடுத்துவிட்டு, சலூன் கண்ணாடி மாதிரி ஆக்கி, அலமாரியில் வைத்து ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதை வெளியே எடுப்பதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சென்ற மாதம் பூனையைத் தேடிக்கொண்டு எதிர்வீட்டுப் பேத்தி வந்தாள், ஆறு வயது. "தாத்தா, அந்தச் சுருட்டை வருமே, அது ஒண்ணு குடுங்க" என்றாள். நாடாவைக் காட்டினேன். உதட்டைப் பிதுக்கினாள். முறுக்குக்கும் நாடாவுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல வாயெடுத்தேன். பூனை எழுந்து நடக்க, அவளும் திரும்பினாள்.

"இரும்மா" என்றேன். திருகைத் தளர்த்தி மேல்தகட்டை ஒரு மில்லிமீட்டர் பின்னால் இழுத்தேன். சாதுவான தேக்காகப் பார்த்து எடுத்து ஒரு தள்ளு. நல்ல பொன்னிறச் சுருள் வந்தது. வளையலாகப் போட்டுக்கொண்டாள். இன்னொன்று கேட்டாள், காதுக்கு.

இப்போது ஞாயிறுதோறும் வருகிறாள், இரண்டு தோழிகளோடு. பதினொரு மணிவரை முறுக்கு. அவர்கள் போன பிறகு மேல்தகட்டை மறுபடி முன்னால் தள்ளி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொள்கிறேன்.