டீ பற்றிய அபிப்பிராயங்கள்

அமெரிக்காவில் போய் வாழ்ந்த பிரிட்டிஷ்காரர்களின் எழுத்தில் ஒரு புகார் அடிக்கடி தலைகாட்டும். அங்கே குடிக்கும்படியாக டீ கிடைக்காது. பிறகு குளிர், சாப்பாட்டு மேசைப் பழக்கம், ஆங்கில எழுத்துக்கூட்டல், தேர்தல் கூத்து என்று அது விரியும். இதற்கு வயது அதிகம். ஃபிரான்சஸ் டிரோலப் சின்சினாட்டியில் கடை வைத்து நொடித்து ஊர் திரும்பி, 1832இல் அமெரிக்கர்களின் வீட்டுப் பழக்கவழக்கங்கள் பற்றி ஒரு புத்தகம் போட்டார். கண்ட இடத்தில் துப்புகிறார்கள், கத்தியாலேயே வாயில் போட்டுக்கொள்கிறார்கள் என்று எழுதிய அதே கையால், சுதந்திரம் பேசிக்கொண்டே அடிமைகளை வைத்திருக்கிறார்களே என்றும் எழுதினார். 1842இல் டிக்கன்ஸ் வந்தார். பிறகு அலிஸ்டர் குக். 1946 மார்ச் முதல் 2004 பிப்ரவரி வரை பிபிசி வானொலியில் வாரம் ஒரு ‘அமெரிக்கக் கடிதம்’, மொத்தம் 2869.

இந்த எழுத்தை நான் ரசித்துத்தான் படிக்கிறேன். 1968இல் ராபர்ட் கென்னடி சுடப்பட்ட ஹோட்டலில் அந்த நேரத்தில் குக் இருந்தார், அதையும் கடிதமாக்கினார். அவர் ஒன்றும் சாதாரண ஆள் இல்லை. எனக்குள்ள கேள்வி வேறு. இந்த வகை எழுத்தை எழுதுகிற உரிமை யாருக்குக் கிடைக்கிறது? அடுத்தவர் நாட்டில் உட்கார்ந்துகொண்டு அந்த நாட்டு டீயைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல, சொன்ன அபிப்பிராயம் இலக்கியமாக மதிக்கப்பட, என்ன தகுதி வேண்டும்?

ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு சொற்கள் வைத்திருக்கிறார்கள். ஒருவர் எக்ஸ்பாட்ரியேட், இன்னொருவர் இமிக்ரன்ட். இரண்டு பேருமே பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள்தான். முதலாமவரிடம் அபிப்பிராயம் கேட்பார்கள், இரண்டாமவரிடம் காகிதம் கேட்பார்கள். குக் 1941லேயே அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர். ஆனாலும் கடைசிவரை ‘அமெரிக்காவைப் பார்க்கும் ஆங்கிலேயர்’ என்றே கேட்கப்பட்டார். அந்த இடத்தை அவருக்குக் கொடுத்தது குடியுரிமைக் காகிதம் அல்ல, குரலும் நிறமும்.

பக்கத்திலேயே இன்னொரு பிரிட்டிஷ் பிரஜையை வைத்துப் பார்க்கலாம். சி.எல்.ஆர். ஜேம்ஸ், டிரினிடாட்டில் பிறந்த கறுப்பர், மார்க்சியர். குக் அமெரிக்கா போன அதே 1932இல் இவர் டிரினிடாட்டை விட்டு இங்கிலாந்து போனார். 1938இல் அங்கிருந்து அமெரிக்கா. பதினைந்து வருஷம் இருந்தார். அமெரிக்க அன்றாடத்தை, சினிமாவை, துப்பறியும் கதைகளை, சித்திரக் கதைகளை வைத்து அந்த நாகரிகத்தையே வாசித்து 1949–50இல் ஒரு பெரிய கையெழுத்துப்படி தயாரித்தார். 1952இல் அவரை எல்லிஸ் தீவில் பிடித்து வைத்தார்கள். அங்கே இருந்தபடி மெல்வில் பற்றி ஒரு புத்தகம் எழுதி, தன்னை அந்த நாட்டில் இருக்கவிட வேண்டும் என்பதற்கு அதையே வாதமாக வைத்தார். பலிக்கவில்லை. 1953இல் வெளியேற வேண்டியதாயிற்று. அந்தக் கையெழுத்துப்படி நூலாக வந்தது 1993இல், அவர் இறந்து நான்கு வருஷம் கழித்து. இரண்டு பேருக்கும் ஒரே ராஜாவின் பாஸ்போர்ட். ஒருவரின் அபிப்பிராயம் வாராவாரம் காற்றில் போனது. மற்றவருடையது நாற்பது வருஷத்துக்கு மேல் காத்துக் கிடந்தது.

இது எங்கோ நடந்த கதை என்று தள்ள முடியாதபடி, காந்திகிராமத்தில் உட்கார்ந்து யோசிக்கும் எனக்குத் தலைகீழான ஓர் உதாரணம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சின்னாளபட்டிக்கும் அம்பாத்துறைக்கும் பக்கத்தில், சிறுமலையைப் பார்த்தபடி, 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய இடம் இது. இதன் ஆரம்ப காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் பெயர்களில் ஒன்று ரால்ப் ரிச்சர்ட் கெய்த்தான். 1925இல் அமெரிக்கன் மதுரை மிஷனுக்கு வந்த பாதிரியார். பிரிட்டிஷ் ராஜ்யத்தில் வாழ்ந்த அமெரிக்கர்.

அமெரிக்க மிஷனரிகள் இந்தப் பக்கத்துக்குப் புதியவர்கள் அல்ல. மதுரை மிஷன் 1834இல் தொடங்கியது. கொடைக்கானலில் 1845இல் முதல் வீடுகளைக் கட்டியவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு அபிப்பிராயம் இல்லாமல் இருந்திருக்காது. ஆனால், சட்டப்படி அமைந்த அரசுக்குக் கீழ்ப்படிவோம், அரசியலில் தலையிட மாட்டோம் என்று உறுதி கொடுத்துவிட்டுத்தான் வேலை பார்க்க வேண்டியிருந்தது. அதாவது அபிப்பிராயம் வைத்துக்கொள்ளலாம், கடிதமும் எழுதலாம், வாழ்க்கையில் மட்டும் காட்டக்கூடாது.

கெய்த்தான் அதை வாழ்க்கையில் காட்டினார். கதர் உடுத்தினார். 1930 மார்ச்சில் வைஸ்ராய் இர்வினுக்கு காந்தி எழுதிய கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த இளம் ஆங்கிலேயர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸைத் தன் வீட்டில் விருந்தாளியாகத் தங்கவைத்தார். அதே வருஷம் நாட்டை விட்டுப் போகும்படி ஆனது. திரும்பி வந்தார். 1944இல் மறுபடி வெளியேற்றம். சுதந்திரத்துக்குப் பின் மீண்டும் வந்து, 1984இல் இறக்கும்வரை இந்த மண்ணோடுதான் இருந்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குற்றம் என்று எண்ணப்பட்டவை எவை? என்ன துணி உடுத்துகிறாய், உன் வீட்டில் யாருக்குச் சோறு போடுகிறாய் என்பவை. எல்லாம் அன்றாடம். டிரோலப்பும் குக்கும் எழுதியதும் அன்றாடம்தான், துணியும் சோறும்தான். ஆனால் அவர்கள் பிறத்தியாரின் அன்றாடத்தைப் பார்த்து எழுதினார்கள். தன் அன்றாடத்தையே அபிப்பிராயமாக மாற்றியவரை அரசு வெளியேற்றியது. பார்க்கிற இடத்தில் நிற்கும்வரை நீ விருந்தாளி. அந்த இடத்தை விட்டு இறங்கிவிட்டால் ஒற்றன். அசோகமித்திரன், அயோவாவுக்கு எழுத்தாளர் திட்டத்தில் போய்த் தங்கிய அனுபவத்தை நாவலாக்கியபோது ‘ஒற்றன்!’ என்று தலைப்பு வைத்தார். அந்தச் சொல்லில் உள்ள கிண்டல் இப்போது எனக்கு வேறு மாதிரியும் கேட்கிறது.

கெய்த்தானைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று நண்பர்கள் கோபித்துக்கொள்ளலாம். வெள்ளைக்காரத் துறவி என்றதும் உருகிப்போகிற நம் பழக்கம் எனக்கும் உவப்பானதல்ல. அவரை ஊருக்கு அனுப்பினார்கள், அவ்வளவுதான். அதே காலத்தில் கதர் கட்டி மறியலுக்குப் போன உள்ளூர்க்காரர்கள் தடியடி பட்டுச் சிறைக்குப் போனார்கள். அவர் எளிமையைத் தேர்ந்துகொண்டார். சேரிக்காரர்களுக்கு அந்தத் தேர்வே கிடையாது. இதையெல்லாம் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்ன பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. தன் அபிப்பிராயத்துக்கு அவர் விலை கொடுத்தார். நாம் கொடுக்கிறோமா?

என் கதைக்கு வருகிறேன். 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்றார்கள். யாரும் அந்தத் தோட்டத் தொழிலாளர்களின் அபிப்பிராயத்தைக் கேட்கவில்லை. வந்தவர்களில் ஒரு பகுதியினர் கொடைக்கானல் மலையில் மரம் வெட்டுகிற, பட்டை உரிக்கிற வேலைக்குப் போனார்கள். முன்பணத்தில் சிக்கிக் கொத்தடிமைகளாகக் கிடந்த சங்கதி 1980களில் உச்சநீதிமன்றம் வரை போனது. ‘தாயகம் திரும்பியோர்’ என்பது அரசாங்கம் வைத்த பெயர். அங்கே ‘கள்ளத்தோணி’, இங்கே ‘சிலோன்காரன்’. தாயகத்துக்குத் திரும்பியவனை எதற்கய்யா சிலோன்காரன் என்று கூப்பிட வேண்டும்?

சில வருஷங்களுக்கு முன்னால், மலையின் கீழ்ப்பகுதிக் குடியிருப்பு ஒன்றுக்கு ஓர் ஆய்வறிக்கைக்காகப் போயிருந்தேன். ஒரு வயதான அம்மா பால் ஊற்றாத டீ கொடுத்தார், கையில் கொஞ்சம் சர்க்கரையோடு. நான் டம்ளரைப் பார்த்துத் தயங்கியதை அவர் கவனித்துவிட்டார்.

“ஒங்க ஊர்ல பாலூத்தாட்டி அதை டீன்னே ஒத்துக்கமாட்டாங்க தம்பி. பாலுதான் டீயின்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. கொழுந்து பறிச்சவளுக்குல்ல தெரியும் அதோட ருசி” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, “இங்க மொதல்ல எந்த ஊருன்னு கேப்பாங்க. அதுக்கப்புறம் அப்பா பேரு, தெரு பேரு. எல்லாம் சாதியத் தெரிஞ்சுக்கத்தான். அங்கயும் சாதி இருந்துச்சு. லயத்துல எல்லாருக்கும் ஒரே செவுருங்கறதால கொஞ்சம் கூச்சப்பட்டுக்கிட்டு இருந்துச்சு” என்றார்.

தமிழ்நாட்டைப் பற்றி இவ்வளவு கூர்மையான ஒரு வாக்கியத்தை நான் எந்தக் கட்டுரையிலும் படித்ததில்லை. ஆனால் அறிக்கையில் என்ன எழுதினேன்? வீடுகளின் எண்ணிக்கை, கூலி, முன்பணம், குடும்ப அட்டை இருப்போர், இல்லாதோர். டீயும் இல்லை, ஒரே சுவரும் இல்லை. அவை ‘தகவல்’ என்கிற பெட்டிக்குள் அடங்கவில்லை. எல்லிஸ் தீவின் அதிகாரி செய்ததைத்தான் நானும் செய்தேன்: காகிதத்தைக் கேட்டுக்கொண்டேன், அபிப்பிராயத்தை விட்டுவிட்டேன். அதோடு நான் அங்கே தயங்கியது வெறும் பாலுக்காகத்தானா என்று இன்றைக்கும் என்னால் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியவில்லை. அந்தக் குடியிருப்பில் நான்தான் எக்ஸ்பாட்ரியேட். பார்த்தேன், குறித்துக்கொண்டேன், பஸ் ஏறினேன்.

மலையகத்துக்கென்று சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்களின் வலுவான எழுத்து மரபு உண்டு. அதை நான் மறக்கவில்லை. நான் கேட்பது, இங்கே வந்த பிறகு நம்மைப் பற்றி அவர்கள் வைத்திருக்கிற அபிப்பிராயங்கள் என்னவாயின என்பதை. விளிம்பு, மற்றமை, அடித்தட்டுப் பார்வை என்று முப்பது வருஷமாக நம் சிறுபத்திரிகைகள் எழுதித் தள்ளியாயிற்று, நானும் எழுதியிருக்கிறேன். அந்தக் கட்டுரைகளில் அவர்கள் பெரும்பாலும் துயரப்படுகிறவர்கள். நம் பழக்கவழக்கங்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்களாக, நம் டீயைப் பழிக்கிறவர்களாக அவர்கள் வருவதே இல்லை. துயரத்தைக் கேட்பது நமக்குச் சுலபமாக இருக்கிறது. அது நம்மை நல்லவர்களாக்குகிறது. அவர்களது கேலிக்கு முன்னால் உட்காருவதுதான் கஷ்டம்.

மரம் வெட்டப்போனவர்களின் பிள்ளைகளில் இன்றைக்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். ‘தமிழ்நாட்டுக் கடிதம்’ என்று ஒன்றை அவர்கள் எழுதலாம். துப்புவது, சாப்பிடுவது, ஊர் கேட்பது, தேர்தல் கூத்து எல்லாம் அதில் வரட்டும். நம் பத்திரிகைகள் பக்கம் ஒதுக்கினால் போதும். முன்னுரை எழுதித் தரவும் வேண்டாம். அவர்களது சொற்களை நம் தமிழுக்குத் திருத்தவும் வேண்டாம்.